முதலில் அழுத்தம் இறங்கணும்! - புற்றுநோய்க் கட்டிக்குள் மருந்துக்கு வழி தேடிய இந்தியப் பொறியாளர்

நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டியிருக்கும் வடக்குத்து பக்கம் போனால், சுரங்கக் கதை கேட்காமல் திரும்ப முடியாது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டப்போய், தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்த கதை. 1957-ல் பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்த கதை. ஆனால், சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர்களுக்கு இன்னொரு கதை தெரியும். பழுப்பு நிலக்கரியை வெட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அது, தண்ணீரை அடக்குவது.

நிலக்கரிப் படுகைக்குக் கீழே, பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதைக் கண்டுகொள்ளாமல் தோண்டினால், அடியிலிருந்து தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால்தான் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, இரவு பகல் பாராமல் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். முதலில் அழுத்தம் இறங்க வேண்டும். அப்புறம்தான் இயந்திரம் இறங்கும்.

புற்றுநோய்க் கட்டிக்குள் மருந்து இறங்குவதற்கும் கிட்டத்தட்ட இதே விதிதான் என்று சொன்னார் ஒரு விஞ்ஞானி. அவர் மருத்துவம் படித்தவர் அல்ல. 1972-ல் ஐ.ஐ.டி. கான்பூரில் பட்டம் வாங்கிய வேதிப் பொறியாளர். பெயர், ராகேஷ் ஜெயின்.

வீட்டில் யாருக்காவது கீமோதெரபி நடந்திருந்தால், இந்தக் கேள்வி நிச்சயம் எழுந்திருக்கும். 'நல்ல மருந்துன்னு சொன்னாங்க... பக்கத்து பெட்டில் இருந்தவருக்குக் கேட்டுச்சு. நம்ம ஆளுக்கு ஏன் கேக்கலை?' இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைத் தேடித்தான் ஜெயின் தன் வாழ்நாளைச் செலவழித்தார். மருந்து சரியானதாகவே இருக்கலாம். ஆனால், அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா?

பசியெடுத்த கட்டி

இந்தக் கதை ஜெயினுக்கு முன்பே, ஒரு அறுவை சிகிச்சை நிபுணரிடம் தொடங்குகிறது. 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார் ஜூடா ஃபோக்மேன். ரத்தத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய திரவத்தைச் சோதிப்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. உடலிலிருந்து எடுத்த முயலின் தைராய்டு சுரப்பியில் அந்தத் திரவத்தைச் செலுத்தி உயிரோடு வைத்திருந்தார். அதில் புற்றுநோய் செல்களை விட்டுப் பார்த்தபோது ஓர் ஆச்சர்யம். கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை வளர்ந்தது. அதோடு நின்றுவிட்டது. அதே கட்டியை எடுத்து எலியின் உடலில் வைத்ததும் மளமளவென்று வளர்ந்தது.

என்ன வித்தியாசம்? எலியின் உடலில் கட்டியைத் தேடி புது ரத்தக் குழாய்கள் வந்தன. வெளியே எடுத்து வைத்த சுரப்பியில் வரவில்லை.

ரத்தக் குழாயிலிருந்து ஆக்சிஜன் ஊறிப் போகக்கூடிய தூரம் மிகக் குறைவு. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதைத் தாண்டி இருக்கும் செல் பட்டினி கிடக்கும். ஆகவே, கட்டி பெரிதாக வேண்டுமென்றால் தனக்கென்று ரத்தக் குழாய்களை வரவழைத்தாக வேண்டும். 'அந்தச் சப்ளையை நிறுத்திவிட்டால் கட்டி அடங்கிவிடும்' என்று 1971-ல் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார் ஃபோக்மேன். அன்றைக்கு அதைப் பலர் நம்பவில்லை.

ஆனால், சான்றுகள் ஒவ்வொன்றாக வந்தன. 1983-ல் ஹரால்ட் டுவோராக் குழுவும், 1989-ல் நெப்போலியோனே ஃபெராரா குழுவும் நடத்திய ஆய்வுகளில், ரத்தக் குழாய்களைக் கூப்பிடும் அந்த 'அழைப்பு மணி' பிடிபட்டது. அது ஒரு புரதம், பெயர் வி.இ.ஜி.எஃப். மூச்சுமுட்டும் கட்டி இதைச் சுரக்கிறது. அக்கம்பக்கத்து ரத்தக் குழாய்கள் கிளைவிட்டு அதை நோக்கி வளர்கின்றன.

இதில் விந்தையான விஷயம், இந்த வசதியைக் கட்டி புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கருவில் குழந்தை வளரும்போதும், காயம் ஆறும்போதும் நம் உடல் செய்யும் வேலைதான் இது. உடலின் நல்ல பழக்கத்தைத் திருடி, தன் வீட்டுக்கு லைன் இழுத்துக்கொள்கிறது புற்றுநோய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைப்புச் செய்தி

1990-களில் ஃபோக்மேனின் ஆய்வுக்கூடம் ஆஞ்சியோஸ்டாட்டின், எண்டோஸ்டாட்டின் என்ற இரண்டு புரதங்களைக் கண்டறிந்தது. எலிகளில் இவை கட்டிகளைச் சுருக்கின. 1998 மே 3, ஞாயிற்றுக்கிழமை. 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் இந்தச் செய்தி வந்ததும், புற்றுநோய்க்கு மருந்து கிடைத்தேவிட்டது என்று உலகமே பேசியது. அந்த மருந்து கேட்டு நோயாளிகளின் குடும்பங்கள் மருத்துவமனைகளுக்குப் போன் மேல் போன் போட்டார்கள்.

ஆனால், கொடுப்பதற்கு மருந்து இல்லை. 'நீங்கள் எலியாக இருந்து உங்களுக்குப் புற்றுநோய் வந்தால், எங்களால் நன்றாகப் பார்த்துக்கொள்ள முடியும்' என்று ஃபோக்மேனே சொல்லிவந்தார். எலிக்கும் மனிதருக்கும் இடையே உள்ள தூரம் அவருக்குத் தெரியும். பின்னர் மனிதர்களிடம் சோதித்தபோது, தலைப்புச் செய்தி தந்த நம்பிக்கையை அந்தப் புரதங்களால் காப்பாற்ற முடியவில்லை.

இன்று வாட்ஸ்அப்பில் 'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு' என்று ஃபார்வேர்டு வரும்போதெல்லாம் நினைவில் வைக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை அது.

குழாய் வேலை தெரிந்தவர்

இங்கேதான் நம் பொறியாளர் வருகிறார். கான்பூரில் படிப்பை முடித்து அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்துக்குப் போன ஜெயின், 1976-ல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே, தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பியெத்ரோ குல்லினோ என்ற ஆய்வாளரோடு வேலை செய்யும் வாய்ப்பு கிடைத்தது. குல்லினோவிடம் ஒரு வித்தை இருந்தது. ரத்தம் உள்ளே போக ஒரே குழாய், வெளியே வர ஒரே குழாய் என்று இருக்கும்படி எலியின் உடலில் கட்டியை வளர்ப்பார்.

வேதிப் பொறியாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? தொழிற்சாலையில் ஒரு தொட்டிக்குள் எவ்வளவு போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று கணக்குப் போடுவதுதானே அவர்கள் படிப்பு! கட்டிக்குள் போகும் மருந்துக்கும் அதே கணக்கைப் போட்டார் ஜெயின். மருந்து கட்டிக்குள் சீராகப் பரவவில்லை. சில இடங்களுக்குப் போனது. பல இடங்களுக்குப் போகவே இல்லை.

அடுத்து வந்த ஆண்டுகளில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலும், 1991 முதல் ஹார்வர்டைச் சேர்ந்த மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலும், இதற்கான காரணத்தைத் தேடினார்.

நல்ல உடலில் ரத்தக் குழாய்கள், நெய்வேலி டவுன்ஷிப் சாலைகள் மாதிரி. பெரிய சாலை, சின்ன சாலை, வீட்டு வாசல் என்று ஒழுங்காகப் பிரிந்து போகும். கட்டியின் ரத்தக் குழாய்கள் அப்படி இல்லை. கோணல்மாணலாக வளைகின்றன. ஒரு இடத்தில் பருத்து, இன்னொரு இடத்தில் சிறுத்துப்போகின்றன. சில, முட்டுச் சந்தில் போய் நிற்கின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமாக, சுவரெல்லாம் ஓட்டை. உள்ளே ஓடும் திரவம் வெளியே கசிகிறது.

கசிந்த திரவம் எங்கே போகும்? மற்ற உறுப்புகளில் அதை வடிக்க நிணநீர்க் குழாய்கள் உண்டு. கட்டிக்குள் அந்த வடிகால் சரியாக வேலை செய்வதில்லை. திரவம் தேங்குகிறது; அழுத்தம் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் ரத்தக் குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் கிட்டத்தட்டச் சமமாகிவிடுகிறது. பிறகு எது மருந்தை வெளியே தள்ளும்? ரத்தத்தில் வந்த மருந்து, வந்த வழியே போய்விடுகிறது.

இது மட்டுமல்ல. ரத்தம் சரியாக ஓடாததால் கட்டிக்குள் ஆக்சிஜன் குறைகிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் கதிர்வீச்சு சிகிச்சையின் வேகமும் குறைகிறது. நோய் எதிர்ப்பு செல்களாலும் உள்ளே போய் வேலை செய்ய முடிவதில்லை.

உடைக்காதே, சரிசெய்!

ஃபோக்மேன் வழியில் வந்தவர்கள், 'குழாயை வெட்டு, கட்டி பட்டினியில் சாகட்டும்' என்றார்கள். 2001-ல் ஜெயின் சொன்னது இதற்கு நேர் எதிர்போல ஒலித்தது. வி.இ.ஜி.எஃப்.-ஐத் தடுக்கும் மருந்தை அளவோடு கொடுங்கள். குழாய்கள் எல்லாம் அழிந்துபோக வேண்டாம். அதிகப்படியானவை உதிரட்டும், மீதி இருப்பவை கசிவு குறைந்து ஓரளவு ஒழுங்குக்கு வரட்டும். அழுத்தம் இறங்கும், ரத்தம் ஓடும். அந்த நேரம் பார்த்துக் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்தால் அவை உள்ளே போய்ச் சேரும்.

எதிரிக்குச் சாலை போட்டுக் கொடுப்பதா என்று தோன்றும். ஆனால், அந்தச் சாலையில்தான் நம் படையும் போயாக வேண்டும் என்பதே ஜெயினின் வாதம்.

2004 பிப்ரவரியில், வி.இ.ஜி.எஃப்.-ஐத் தடுக்கும் முதல் புற்றுநோய் மருந்தான பெவாசிஸுமாபுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. முற்றிய பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது, நோயாளிகள் வாழ்ந்த காலத்தின் நடுமதிப்பு 15.6 மாதங்களிலிருந்து 20.3 மாதங்களாக உயர்ந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், தனியாக அல்ல, கீமோவோடு சேரும்போதுதான் இந்தப் பலன் தெரிந்தது. பட்டினி போடுவது மட்டுமே வேலை என்றால், கீமோவும் கூடவே உள்ளே போக முடியாமல் அல்லவா தவித்திருக்க வேண்டும்?

அதே ஆண்டு, ஜெயினும் கிறிஸ்டோபர் வில்லெட்டும் அடங்கிய குழு, மலக்குடல் புற்றுநோய் வந்த ஆறு பேரிடம் நேரடியாக அளந்து பார்த்தது. பெவாசிஸுமாப் ஒரு முறை செலுத்திய 12 நாள் கழித்து, ரத்தக் குழாய்களின் அடர்த்தி குறைந்திருந்தது. கட்டிக்குள் அழுத்தமும் இறங்கியிருந்தது. ஆறு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால், எலியில் பார்த்தது மனிதரிலும் நடக்கிறது என்பதற்கு அது முதல் சாட்சி.

பின்னர் 2020-ல், முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்குப் பெவாசிஸுமாபையும், நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் அட்டெசோலிஸுமாபையும் சேர்த்துக் கொடுக்க அமெரிக்கா அனுமதித்தது. அதற்கான ஆய்வில், ஓராண்டு தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 67.2 சதவிகிதம். பழைய மருந்தில் 54.6 சதவிகிதம். ரத்தக் குழாய் சீரானால் எதிர்ப்பு செல்கள் உள்ளே போகும் என்ற எண்ணத்தோடு இது பொருந்திப்போகிறது.

2016-ல் அமெரிக்க அதிபர் ஒபாமா, வெள்ளை மாளிகையில் ஜெயினுக்கு தேசிய அறிவியல் பதக்கம் அணிவித்தார். பின்னர் வந்த வெற்றிகளைப் பார்க்க ஃபோக்மேன் இல்லை. 2008 ஜனவரியில், மாநாட்டுக்குப் போகும் வழியில் டென்வர் விமான நிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது.

எல்லாக் கட்டிக்கும் அல்ல

இது சர்வரோக நிவாரணி அல்ல. பெவாசிஸுமாபுக்கு மார்பகப் புற்றுநோயில் 2008-ல் கொடுத்த அனுமதியை, போதிய பலன் நிரூபணமாகவில்லை என்று 2011-ல் அமெரிக்கா திரும்பப் பெற்றது. மூளைக் கட்டியில் வீக்கம் குறைந்து நோயாளிக்குச் சற்று ஆறுதல் கிடைக்கிறது. ஆனால், பெரிய ஆய்வுகளில் ஆயுள் நீளவில்லை. குழாய்கள் சீராக இருக்கும் காலமும் சில நாள், சில வாரம்தான். மருந்தின் அளவு கூடிப்போனால் குழாய்கள் ஒரேயடியாக மூடி, கதை பழையபடி ஆகிவிடும்.

பக்க விளைவுகளும் உண்டு. ரத்த அழுத்தம் ஏறலாம். சிறுநீரில் புரதம் போகலாம். ரத்தக் கசிவு ஏற்படலாம். அரிதாகக் குடலில் ஓட்டை விழலாம். காயம் ஆறத் தாமதமாகும் என்பதால் அறுவை சிகிச்சைக்குச் சில வாரங்கள் முன்பே மருந்தை நிறுத்திவிடுவார்கள். காயத்தை ஆற்றும் அதே வேலையைத்தானே இந்த மருந்து தடுக்கிறது!

சர்க்கரை நோயால் பார்வை மங்கி, 'கண்ணுக்குள் ஊசி' போட்டுக்கொண்ட தாத்தா, பாட்டி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதுவும் இதே குடும்பத்து மருந்துதான். விழித்திரையில் வேண்டாத ரத்தக் குழாய் வளர்வதையும் கசிவதையும் தடுக்கிறது. புற்றுநோய்க்காகத் தொடங்கிய தேடல், இன்று பலருக்குக் கண்ணொளியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

மருந்துக்குப் பதில் மரபணு

இந்த ஊசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். அதற்குப் பதிலாக, மருந்தைத் தயாரிக்கும் மரபணுவையே உடலுக்குள் வைத்துவிட்டால் என்ன? இதுதான் மரபணு சிகிச்சையின் ஆசை. கெடுதல் செய்யாதபடி மாற்றிய வைரஸை வண்டியாக்கி, அதில் மரபணுவை ஏற்றி அனுப்புவார்கள். செல்லுக்குள் இறங்கிய மரபணு, அங்கேயே மருந்துப் புரதத்தைத் தயாரிக்கும்.

கட்டியின் ரத்தக் குழாய்களையே குறிவைத்து அப்படி ஒரு சிகிச்சை தயாரானது. இஸ்ரேல் நிறுவனம் ஒன்றின் 'விபி-111'. புதிதாக முளைக்கும் ரத்தக் குழாய் செல்லுக்குள் போய், அந்தச் செல்லைத் தானே அழிய வைக்கும் மரபணு அதில் இருந்தது. தொடக்கத்தில் நம்பிக்கை தந்தது. ஆனால், இறுதிக்கட்ட ஆய்வுகளில் 2018-ல் மூளைப் புற்றுநோயிலும், 2022-ல் கருப்பைச் சூலகப் புற்றுநோயிலும் அது தோற்றது.

அதேநேரம், நம் வேலூரில் மரபணு சிகிச்சை வெற்றி பெற்றிருக்கிறது. ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா-ஏ நோய் தீவிரமாக இருந்த ஐந்து பேருக்கு, சி.எம்.சி. மருத்துவமனையில் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு சிகிச்சை அளித்தது. அவர்களுடைய ரத்த மூல செல்களை எடுத்து, குறைபாடுள்ள மரபணுவுக்கு மாற்றாக நல்ல மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். கண்காணித்த காலத்தில் ஐந்து பேருக்கும் ரத்தக் கசிவு நிகழ்வுகள் இல்லை. 2024 டிசம்பரில் உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் இது வெளியானது.

ரத்தப் புற்றுநோயிலும் இந்தியா முன்னேறியிருக்கிறது. நோயாளியின் எதிர்ப்பு செல்களை எடுத்து, மரபணு மாற்றி, புற்றுநோயைத் தாக்கப் பழக்கி அனுப்பும் 'நெக்ஸ்கார்19' சிகிச்சையை, ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் உருவாக்கின. 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரவுபதி முர்மு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். வெளிநாட்டில் ஆகும் செலவில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் என்றாலும், சாதாரணக் குடும்பத்துக்கு இன்னும் பெரிய தொகையே.

வேலூரிலும் மும்பையிலும் முடிந்தது, கட்டி வடிவப் புற்றுநோயில் ஏன் கடினமாக இருக்கிறது? ஹீமோஃபிலியாவில் பழுதானது ஒரே ஒரு மரபணு. அதோடு, செல்களை வெளியே எடுத்துப் பழுதுபார்க்க முடிகிறது. ரத்தப் புற்றுநோயில் எதிரி பெரும்பாலும் ரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்கிறான். அனுப்பிய செல்லால் எளிதில் சந்திக்க முடிகிறது. கட்டியில் அப்படி இல்லை. கோடிக்கணக்கான செல்கள், பலவித மரபணு மாற்றங்கள். அவற்றைச் சென்றடைய, அந்தக் கோணல் குழாய்களையும் அழுத்தத்தையும் தாண்ட வேண்டும். மரபணுவைச் சுமக்கும் வைரஸோ, சாதாரண மருந்து மூலக்கூறைவிடப் பல மடங்கு பெரியது. மருந்தே நுழையத் திணறும் இடத்தில் வைரஸ் எப்படி எளிதாக நுழையும்?

ஆக, எவ்வளவு நவீன சிகிச்சை வந்தாலும் ஜெயினின் பழைய கேள்வியில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. உள்ளே போய்ச் சேர்ந்ததா?

குடும்பம் கேட்க வேண்டிய கேள்விகள்

மருத்துவர் இந்த வகை மருந்தைப் பரிந்துரைத்தால், தயங்காமல் சில கேள்விகளைக் கேட்கலாம். இந்த வகைப் புற்றுநோயில் இது பலன் தருகிறது என்று நிரூபணமாகியிருக்கிறதா? கீமோவோடு சேர்த்தா, தனியாகவா? எத்தனை தவணை? ரத்த அழுத்தத்தை எப்போதெல்லாம் பார்க்க வேண்டும்? சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால், பல் பிடுங்கியிருந்தால்கூட, அதைச் சொல்லிவிட வேண்டும்.

விலையையும் கேளுங்கள். பெவாசிஸுமாபுக்கு இணையான மருந்துகளை இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எந்தச் சிகிச்சை வரை கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரிக்கலாம். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மரின் வட்டாரப் புற்றுநோய் மையம் பக்கத்திலேயே இருக்கிறது.

'மரபணு சிகிச்சை செய்கிறோம், கட்டி கரைந்துவிடும்' என்று யாராவது லட்சக்கணக்கில் பணம் கேட்டால், அது அனுமதி பெற்ற சிகிச்சையா என்று உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். முறையான மருத்துவ ஆய்வு என்றால், சோதனை மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள். இதற்காகக் காத்திருந்து, கையில் இருக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. ஃபோக்மேன் கண்ட அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். லைன் இழுக்கும் முன்பு அதற்குப் பலமில்லை. வெளியே தெரியாத அந்த அளவில் நாம் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும், கோணல் குழாய்கள் பெருகுவதற்குள் எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. மார்பகம், கருப்பைவாய், வாய்ப் பரிசோதனைகளை அம்மாவும் அப்பாவும் தள்ளிப்போட்டால், கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள்.

வடக்குத்துக்குப் பக்கத்தில் இன்று இரவும் அந்தப் பம்புகள் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் இறைத்துவிட்டு நிறுத்திவிடும் வேலை இல்லை அது. புற்றுநோய் ஆராய்ச்சியும் அப்படித்தான். ஒரே தலைப்புச் செய்தியில் முடிவதில்லை. 1960-களில் ஒரு முயலின் சுரப்பியில் தொடங்கியதை, 1970-களில் ஒரு பொறியாளர் கையில் எடுத்தார். இன்று எங்கோ ஒரு வார்டில், ஒருவருக்கு மருந்து சரியான இடத்துக்குப் போய்ச் சேர்கிறது.